கணக்கில் வராத எலிகள்

எங்கள் அறிவியல் கல்லூரியில் மூன்று கால் நாற்காலி ஒன்று இருக்கிறது. உடைந்த நான்காவது காலை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். இரண்டும் என் பொறுப்பு. எங்கள் நாட்டில் அரசாங்கப் பொருள் எதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கினால் அது உங்கள் ‘உஹ்தா’ ஆகிவிடும். பிறகு அது உடைந்தாலும் துருப்பிடித்தாலும் செத்தாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இந்த அறையில் இருந்த பேராசிரியர் காலமானபோது, வீட்டிலிருந்து உடலை எடுப்பதற்குள் கிடங்கிலிருந்து ஆள் வந்து அவருடைய நுண்ணோக்கியை வாங்கிக்கொண்டு போனார். குறையாகச் சொல்லவில்லை. லென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இறந்தவருக்காக மனதார ஒரு பிரார்த்தனையும் செய்துவிட்டுத்தான் போனார்.

ஆக, உஹ்தா குறைந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்பது டாக்டர் நிஹாலின் எலிகள் குட்டி போடும்வரை யாருக்கும் தெரியாது.

நிஹால் விலங்கியல் துறையில் விரிவுரையாளர். தாக்லா பாலைச்சோலைக்காரி. மெலிந்த உருவம், வேகமான நடை. பேசும்போது எதிராளிக்கு நியாயம் புரியும் என்று நம்பிப் பேசுவாள்; இந்த ஒரு கெட்ட பழக்கத்தைத் தவிர அவளிடம் வேறு குறை கிடையாது. அவளுக்கு ஹம்தி என்று ஒரு தம்பி. பிறவியிலேயே அவனுக்குத் தைராய்டு சுரக்கவில்லை. பிறந்த கையோடு மருந்து கொடுத்திருந்தால் மற்ற பிள்ளைகளைப் போல வளர்ந்திருப்பான். கண்டுபிடித்தபோது மாதங்கள் ஓடிவிட்டன. இப்போது இளைஞனாகிவிட்டான். அப்பாவின் பேரீச்சம்பழக் கடையில் உட்கார்ந்து பழங்களைப் பெரியது சின்னது என்று பிரித்து வைக்கிறான், அதுவும் சாயங்காலத்துக்குள் கலந்துவிடுகிறது.

அவனை வைத்துத்தான் அவள் இந்த ஆராய்ச்சிக்கே வந்தாள். கழுத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பியின் ஹார்மோன் இல்லாவிட்டால், பிறந்த குழந்தையின் மூளையில் நரம்புகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர வேண்டிய வேலை பாதியில் நின்றுவிடும். முழு அளவு மருந்தைப் பிறந்த உடனே கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது தெரிந்த விஷயம். பாதி அளவு போதுமா என்பதுதான் நிஹாலின் கேள்வி. ஏனென்றால் தாக்லா மாதிரி ஊர்களுக்கு எந்த மருந்தும் பாதிதான் வந்து சேரும்.

அதற்காகப் பன்னிரண்டு சினை எலிகளை வாங்கினாள். வெள்ளை எலிகள். கிடங்கு அதிகாரி உஸ்தாத் அப்துல் மவ்ஜூதின் புத்தகத்தில் ‘எலி, பன்னிரண்டு, நல்ல நிலையில்’ என்று கையெழுத்துப் போட்டாள். தாய்களின் தீனியில் தைராய்டைத் தடுக்கும் மருந்து கலந்திருந்தது, குட்டிகள் ஹார்மோன் இல்லாமலே பிறக்கும்படி. கூண்டுகளை இடது, வலது என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தாள்: இடது அடுக்குக் குட்டிகளுக்கு முழு அளவு, வலது அடுக்குக் குட்டிகளுக்குப் பாதி அளவு. சொட்டுச் சொட்டாக, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வாயில் விட வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால் உண்டு. அதற்குப் பிறகு கொடுப்பது கடலில் சர்க்கரை போடுவது மாதிரி.

எலிகள் ஒரே சமயத்தில் குட்டி போட்டன. அதே வாரம் வருடாந்திர இருப்புக் கணக்கெடுப்பும் வந்தது.

கணக்கெடுப்புக் குழுவில் மூன்று பேர். தலைவர், எங்கள் டீன் பேராசிரியர் டாக்டர் ஷவ்கத்; மரியாதைக்கு எல்லாரும் ‘பாஷா’ என்போம். இவர் பெயர் முதலில் இல்லாமல் எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு கட்டுரையும் வெளிவந்ததில்லை. சூரியகாந்தியிலும் முதல் பெயர், சிறுநீரகக் கல்லிலும் முதல் பெயர். இரண்டாவது, உஸ்தாத் அப்துல் மவ்ஜூத். மூன்றாவது, தாவரவியல் துறை லபீபாகிய நான். பாரபட்சம் வராமலிருக்க, விஷயம் தெரியாத ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகுதி மூவருக்குமே இருந்தது, ஆனால் எனக்கு மட்டும்தான் எழுத்தில் கொடுத்தார்கள்.

அப்துல் மவ்ஜூத் மூக்கைப் பொத்திக்கொண்டு விலங்கு அறைக்குள் நுழைந்தார். புத்தகத்தைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

“டாக்டரம்மா, நீங்க வாங்கினது பன்னெண்டு எலி. சரிதானே?”

“சரிதான், உஸ்தாத்.”

“இங்க கூட்டமா இருக்கே?”

“பன்னெண்டும் தாய். மத்ததெல்லாம் குட்டிங்க.”

“குட்டி எங்கேருந்து வந்துச்சு?”

நிஹால் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

“உஸ்தாத், உங்களுக்கே ஆறு பிள்ளைங்க இருக்கு. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“அது வீட்டுல, டாக்டரம்மா. இது அரசாங்க இடம்.”

வலது அடுக்கை எண்ணத் தொடங்கினார். உரித்த இறால் மாதிரி ரோஸ் நிறத்தில், கண் திறக்காத குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று நெளிந்தன. இருபது வரை வருவார், ஒன்று இன்னொன்றின் அடியில் புகும், முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருவழியாக வலது அடுக்கு முடிந்தபோது மணி இரண்டு அடித்தது. இரண்டு மணிக்கு மேல் எங்கள் நாட்டில் எண்கள் வேலை செய்வதில்லை. அவர் பேனாவை மூடினார்.

“இடது அடுக்கு?” என்றேன்.

“எந்த இடது அடுக்கு?” என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். “என் புத்தகத்துல அப்படி ஒண்ணு இல்ல.”

போவதற்கு முன் வலது அடுக்குக் கூண்டுகளின் கதவில் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றிச் சீல் வைத்தார். தீனியைக் கம்பி இடுக்கு வழியாகப் போடலாம். தண்ணீர் பாட்டிலைத் தானே வந்து நிரப்புவதாகச் சொன்னார்.

மறுநாள் டீன் அறையில் கூட்டம். புதினா டீ வந்தது. நிஹால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். டீன் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் பேசினார்.

“மகளே, உற்பத்தி பெருகினா எனக்கு சந்தோஷம். நாட்டுக்கும் சந்தோஷம். ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்கு. நான் டீன் ஆனதுலேருந்து இந்தக் கல்லூரியில எதுவும் அனுமதி இல்லாம உண்டானது கிடையாது. உண்மையைச் சொன்னா, எதுவுமே உண்டானது கிடையாது. அந்தச் சாதனையை நீ ஒரே வாரத்துல கெடுத்துட்டே.”

“பாஷா, எலி குட்டி போடுறது இயற்கைதானே?”

“இயற்கை எனக்குக் கீழ வேலை பாக்கல. நீ பாக்குற.”

முடிவு எழுதப்பட்டது. உபரி எங்கிருந்து வந்தது என்று தெளிவாகும்வரை வலது அடுக்கின் தன்மையில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. தீனி தொடரலாம், அது ஏற்கெனவே இருந்தது. மருந்துச் சொட்டு கூடாது, அது புதியது. அதாவது மூளையைத் தடுக்கும் மருந்துக்கு அனுமதி உண்டு, காப்பாற்றும் மருந்துக்கு இல்லை. எழுதும்போது எனக்கே கை கூசியது. ஆனால் வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

நிஹால் எழுந்து நின்றாள். அவளுக்குத்தான் எதிராளிக்குப் புரியும் என்ற நம்பிக்கை உண்டே.

“பாஷா, ஒரு நிமிஷம். வீடு கட்டும்போதே சுவத்துக்குள்ள கரண்ட் வயர் இழுக்கணும். பூசி, வெள்ளையடிச்சு, ஆள் குடிவந்தப்புறம் வயரைக் கொண்டுவந்து வாசல்ல வச்சா விளக்கு எரியுமா? இந்தக் குட்டிங்க மூளைக்கும் அதேதான். இப்பதான் வயர் இழுக்கிற நேரம்.”

டீன் கண்ணை மூடி யோசித்தார்.

“வயர் சம்பந்தப்பட்டதுன்னா பொறியியல் கல்லூரிக்கு எழுதணும். மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“நாள் கணக்கெல்லாம் ஏன் பேசுற? இன்ஷா அல்லாஹ்னு பேசு.”

நல்ல வேளையாக, இல்லாத இடது அடுக்குக்குத் தடை எதுவும் இல்லை. நிஹால் தினமும் காலையில் அந்தக் குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி முழு அளவு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகு வலது அடுக்கின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். அரக்கு சீலைத் தொடுவாள், கையை எடுத்துக்கொள்வாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால் அந்த நேரத்தில் நான் விலங்கு அறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது கூட்டத்தில் அப்துல் மவ்ஜூத் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

“பாஷா, தாய் நம்ம உஹ்தா. தகப்பன்?”

டீன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தகப்பன் யாரும்மா?” என்றார் டீன்.

“கீஸா எலிப் பண்ணையில வாங்கும்போதே சினையாத்தான் குடுத்தாங்க, பாஷா. ஆண் எலிங்க அங்கதான் இருக்கு.”

“அப்போ ஒவ்வொரு குட்டியிலயும் பாதி அவங்க சொத்து!” அப்துல் மவ்ஜூத் மேசையைத் தட்டினார். இருபது வருடக் கிடங்கு வாழ்க்கையில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

“எந்தப் பாதி?” என்றேன். குழுவில் நானும் ஏதாவது பேச வேண்டுமல்லவா.

டீன் என்னை மெச்சிக்கொண்டார். “நல்ல கேள்வி. அதையும் சேர்த்துக் கேட்டு எழுதுவோம்.”

கீஸாவுக்கு எழுதினோம். தகப்பன் எலிகளின் பங்கை எங்கள் கல்லூரிக்கு விட்டுக்கொடுப்பதாக ஒப்புதல் வேண்டும் என்று கேட்டோம். எந்த ஆண் எலி எந்தக் குட்டிக்குத் தகப்பன் என்பது தங்களுக்கும் தெரியாது என்று அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதையும் அப்துல் மவ்ஜூத் குறித்துக்கொண்டார்.

டீனுக்கு முகம் வாடிவிட்டது. “தகப்பன் பேர் தெரியாத இத்தனை பேரை என் கட்டடத்துல வச்சுக்கிட்டு நான் எப்படி நிம்மதியாத் தூங்குவேன்?”

“பாஷா, ஒரு வாரம் ஓடிடுச்சு,” என்றாள் நிஹால். “இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. மருந்தாவது குடுக்க விடுங்க. தகப்பனை அப்புறம் தேடிக்கலாம். எங்க வீட்டுல ஒரு பையனுக்கு இப்படித்தான் தள்ளிப்போச்சு.”

“உன் கஷ்டம் புரியுது மகளே. அதனாலதான் அவசரம்னு மேல சிவப்பு மையில எழுதச் சொல்லியிருக்கேன்.”

அடுத்து, தாய் எலிகளாவது எங்களுடையவைதான் என்று நிரூபிக்க, உஹ்தா எண் எழுத வேண்டியதாயிற்று. நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாவற்றிலும் எழுதுவது போலச் சிவப்புப் பெயின்டும் தூரிகையுமாக அப்துல் மவ்ஜூத் வந்தார். இடது அடுக்கில் குட்டிகள் பக்கமே திரும்பாமல் தாய்களுக்கு மட்டும் எழுதினார்; வலது அடுக்கில் அந்தந்தக் கூண்டின் சீலை உடைத்து, தாயை மட்டும் வெளியே எடுத்து, முதுகில் எண் எழுதி, உள்ளே விட்டு, திரும்பச் சீல் வைத்தார். அந்த இடைவெளியில் நிஹால் குட்டிகளுக்கு மருந்து விடக் கையை நீட்டினாள். அவர் தூரிகையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

“என் உஹ்தாவுல கை வைக்காதீங்க டாக்டரம்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

“அதனாலதான் உஸ்தாத் கேக்கறேன்.”

அவர் ஒரு கணம் தயங்கினார். அந்த மனுஷர் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தயங்கியதற்கு அவர் புத்தகத்தில் கட்டம் எதுவும் இல்லை. அரக்கை ஊற்றினார்.

மறுநாள் காலையில் பன்னிரண்டு முதுகும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. ராத்திரியோடு ராத்திரியாக எல்லா எலியும் எண்ணை நக்கித் தீர்த்துவிட்டன. அரசாங்கப் பொருள் தன் எண்ணைத் தானே அழித்துக்கொண்டதாக அவர் டீனிடம் புகார் கொடுத்தார். தாய் எலிகளிடம் விளக்கம் கேட்பதா, நிஹாலிடம் கேட்பதா என்று ஒரு காலைப்பொழுது முழுக்க விவாதம் நடந்தது. கடைசியில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்ற அடிப்படையில் நிஹாலிடம் கேட்டார்கள்.

இப்படியாக, தகப்பன் விவகாரத்தைத் தனிக் கோப்பில் போட்டுவிட்டு, மருந்து கொடுக்கலாம் என்ற அனுமதி ஒருவழியாக எழுதப்பட்டது. அதற்கு அரசாங்கத்தின் கழுகு முத்திரை வேண்டும். கழுகு இல்லாத தாள் எங்கள் நாட்டில் மீன் பொட்டலம் கட்டத்தான் ஆகும். முத்திரை இருந்த பெட்டியின் சாவி, அலுவலகத்தில் முத்திரைக்குப் பொறுப்பான மதாம் இன்ஷிராஹின் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. மதாம் இன்ஷிராஹ் கழுத்தோடு உம்ரா யாத்திரை போயிருந்தார்.

“பூட்டை உடைச்சா என்ன?” என்று கேட்டேன்.

“பூட்டு யாரோட உஹ்தா தெரியுமா?” என்றார் டீன்.

இரண்டு வாரம் முடிந்த அன்றைக்கு நிஹால் என் அறைக்கு வந்தாள். மூன்று கால் நாற்காலியில் உட்காரப் போனவளைப் பிடித்து நிறுத்தி, என் நாற்காலியைக் கொடுத்தேன்.

“கண்ணைத் திறந்துடுச்சு டாக்டர்,” என்றாள்.

“எது?”

“வலது அடுக்குக் குட்டிங்க. இடது அடுக்கை விட லேட்டாத்தான் திறந்துச்சு. இருந்தாலும் திறந்துடுச்சு. சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு.” பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மதாம் இன்ஷிராஹ் ஊர் திரும்பினார். கல்லூரி முழுக்க மதீனாப் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், கிறிஸ்தவன் என்று பார்க்கவில்லை. பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி அனுமதியின் மேல் கழுகை இறக்கினார். ‘புதிதாகப் பிறந்த குட்டிகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க அனுமதிக்கப்படுகிறது.’ அதற்குள் புதிதாகப் பிறந்தவை பால் மறந்து தீனி தின்ன ஆரம்பித்திருந்தன.

“பாஷா, காலம் போயிடுச்சு,” என்றாள் நிஹால்.

“போனா என்ன? குடுக்கிறது இன்னைக்குக் குடு. தாள்ல முதல் நாள்னு தேதி போட்டுக்கோ.”

“மூளை தாளைப் பாத்து வளராதே, பாஷா.”

“மகளே, நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். தாளைப் பாக்காம வளந்த ஒரே ஒரு மூளையை இந்தக் கட்டடத்துல காட்டு.”

சீல் உடைக்கப்பட்டது. புகைப்படக்காரர் வந்தார். டீன் சொட்டு மருந்துக் குழாயைத் தானே பிடித்துக்கொண்டு, குட்டியின் காதில் விட்டார். படம் நன்றாக வந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அமைச்சகத்திலிருந்து விருந்தாளிகள் வரப்போவதாகத் தகவல் வந்தது. காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். டீன் எங்களைக் கூட்டிக்கொண்டு விலங்கு அறைக்கு வந்தார். நிஹால் மரத்தில் சந்து சந்தாக ஒரு வழிப்பெட்டி செய்திருந்தாள். ஒரு மூலையில் எலி, மறு மூலையில் ஒரு துண்டு ரூமி சீஸ்.

முதலில் இடது அடுக்கிலிருந்து ஒன்றை விட்டாள். அது இரண்டு சந்தில் முட்டித் திரும்பி, மூன்றாவதில் புகுந்து, சீஸைத் தின்றுவிட்டு, பெட்டிச் சுவரில் ஏறி, அப்துல் மவ்ஜூதின் சட்டைக் கைக்குள் நுழைந்து கழுத்து வழியாக வெளியே வந்தது. வரும் வழியில் அவர் பையில் இருந்த மொச்சை சான்ட்விச்சையும் கடித்துப் பார்த்திருந்தது. கூண்டில் இருந்த மற்றவை கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றன. ஒன்று கொக்கியைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

“அல்லாஹ்வே! புடிங்க, புடிங்க!” என்று அப்துல் மவ்ஜூத் குதித்தார்.

அடுத்து வலது அடுக்கிலிருந்து ஒன்று. நிஹால் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மெதுவாக வைத்தாள். வைத்த இடத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் அடி வைத்தது. சுவர் வந்ததும் நின்றது. சீஸ் வாசம் அதற்கு எட்டவே இல்லை.

டீனின் முகம் மலர்ந்தது.

“மாஷா அல்லாஹ்! பாத்தீங்களா ஒழுக்கத்தை? இதான் முறைப்படி வளந்தது. கணக்கெடுத்து, சீல் வச்சு, அனுமதி வாங்கி, முத்திரை குத்தி வளந்தது. உக்காருன்னா உக்காருது. எண்ணுறதுக்கு எவ்வளவு வசதி! அந்தப் பக்கம் பாருங்க, அனுமதி இல்லாம மருந்து தின்ன கூட்டம். கலவரம்! இந்த வலது பக்கத்துப் பிள்ளைங்களைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு வாசல் கூடத்துல வைங்க. கட்டுரைக்குத் தலைப்பு நானே சொல்றேன், நிர்வாக ஒழுங்கு நரம்பு வளர்ச்சிக்கு எப்படி உதவுதுன்னு. பேர் வரிசை உனக்கே தெரியும் மகளே.”

நிஹால் அந்தக் குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எங்க தெருவுலயும் இப்படித்தான் சொன்னாங்க பாஷா,” என்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“என் தம்பி பொறந்தப்போ. ‘எவ்வளவு நல்ல பிள்ளை! அழவே மாட்டேங்குது, தொந்தரவே இல்ல’ன்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து கொஞ்சிட்டுப் போனாங்க. எங்கம்மாவுக்கு அவ்வளவு பெருமை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ராத்திரியெல்லாம் கத்தும், எங்க ஹம்தி அமைதியாத் தூங்குவான். அந்தப் பெருமையிலேயே மாசங்க போயிடுச்சு. ஏன் அழலைன்னு யாருமே கேக்கல.”

அப்துல் மவ்ஜூத் தரையைப் பார்த்தார். டீனுக்கும் மனம் இளகிவிட்டது, பொய் சொல்லக்கூடாது, அவர் கண் லேசாகக் கலங்கியது.

“பாவம். இப்ப எங்க இருக்கான்?”

“அப்பா கடையில உக்காந்திருக்கான்.”

“சொன்ன இடத்துல உக்காந்திருப்பானா? வாக்குவாதம் பண்ண மாட்டானே?”

“மாட்டான்.”

டீன் அவள் தோளை வாஞ்சையோடு தட்டினார். “அப்போ கவலைப்படாதே மகளே. இங்க நிர்வாகப் பிரிவுல ஒரு இடம் காலியாகுது. நல்லா மேல வருவான்.”

அவர் மனதாரச் சொன்னார். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம்.

இடது அடுக்கை அழித்துவிடச் சொன்னார். அப்துல் மவ்ஜூத் தலையைச் சொறிந்தார். “அழிக்கணும்னா மொதல்ல கணக்குல ஏத்தணும், பாஷா. ஏத்தினா, இத்தனை நாள் ஏன் ஏத்தலன்னு என் கழுத்தைப் புடிப்பாங்க.”

“அப்போ நாளைக்குக் காலையில அதுங்க இங்க இருக்கக் கூடாது. எங்க போச்சுன்னு நான் கேக்க மாட்டேன்.”

அன்று மதியமே நானும் நிஹாலும் நான்கு பனங்கூடையைத் துணி போட்டு மூடித் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம். சாலைக்கு அந்தப் பக்கம் தாவரவியல் துறையின் கண்ணாடிக் குடில் இருக்கிறது. நடுவில் கல்லூரிக் கேட். காவலர் வழிமறித்தார்.

“கூடையில என்ன டாக்டர்?”

“ஒண்ணும் இல்ல.”

ஒண்ணும் இல்லாதது கீச்சென்றது. அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். சட்டென்று மூடினார். வெளியே போகும் பொருளுக்கு அனுமதி எங்கே என்றார். இல்லை என்றதும் கிடங்குக்குத் தொலைபேசி போட்டார். அப்துல் மவ்ஜூதின் குரல் வெளியே வரை கேட்டது.

“எலியா? என் கிட்ட இருக்க வேண்டிய எலி எல்லாம் என் கிட்டத்தான் இருக்கு. அப்படி எதுவும் கிடையாது.”

“நான் கண்ணால பாத்தேன், உஸ்தாத். ஒண்ணு என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுது.”

“உன் கண்ணு யாரோட உஹ்தா? உன்னோடது. என்னோட புத்தகத்துல இல்லாததை நீ புடிச்சு வச்சா, ஒவ்வொண்ணுக்கும் நீதான் கையெழுத்துப் போடணும். போடுறியா?”

காவலர் தொலைபேசியை வைத்தார். எங்களுக்காகக் கேட்டை அகலத் திறந்துவிட்டு, ஒரு கூடையைத் தானே சாலை தாண்டித் தூக்கி வந்தார்.

இப்போது அவை என் குடிலில் இருக்கின்றன. என் பார்லிச் சோதனையை ஒரே வாரத்தில் தின்று தீர்த்தன. பார்லி உஹ்தாவில் இருக்கிறது, எலி இல்லை. இல்லாத எலி தின்றது என்று எழுத முடியாது. காற்றில் போனதாக எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். இல்லாத எலிகளுக்கு அங்கே இல்லாத குட்டிகளும் பிறந்தன. நிஹால் தீனியில் பழையபடி தடுப்பு மருந்தைக் கலந்து, இந்த முறை பிறந்த அன்றே, கையில் எடுத்து, பாதி அளவுச் சொட்டு விட்டாள். யாரும் சீல் வைக்கவில்லை, யாரும் தகப்பனைக் கேட்கவில்லை. பாதி அளவு பெருமளவுக்குப் போதுகிறது என்று தெரிந்தது. அந்தக் குட்டிகளும் கொக்கியைத் திறக்கின்றன. எழுதி அனுப்பலாம். எந்த எலியில் செய்தீர்கள் என்று கேட்டால்தான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அமைச்சகத்து விருந்தாளிகள் வந்தார்கள். வாசல் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். “ஒரு சத்தம் கிடையாது, ஒரு புகார் கிடையாது,” என்று டீன் விளக்கினார். வந்தவர்களில் மூத்தவர் குனிந்து பார்த்து, ரொம்பவும் பிடித்துப்போய், தங்கள் அலுவலகத்துக்கும் ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், உஹ்தா மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றார் அப்துல் மவ்ஜூத்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் நிஹால் வந்தாள். கண்ணாடி மூடியைத் திறந்து, ஒவ்வொரு எலியாக எடுத்து, சொட்டு மருந்து கொடுத்தாள். தினமும் காலையில் கொடுக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“இனிமே குடுத்து என்னம்மா ஆகப்போகுது?” என்றேன்.

“ஹம்திக்கு இன்னைக்கும் குடுத்துட்டுதானே இருக்கோம், டாக்டர்,” என்றாள்.

எலி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. சத்தம் போடவில்லை.